காட்டு மைனாவுக்கு ஒரு கூட்டுப்பெட்டி: நீலகிரியில் அடையாளம் காண்பது முதல் குஞ்சு பறப்பது வரை

உதகையிலோ கோத்தகிரியிலோ வீட்டு முற்றத்தில் நடை போடும் மைனாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லை, அலகு முளைக்கும் இடத்தில் நெற்றியில் ஒரு சின்னக் கருங்குடுமி சிலிர்த்து நிற்கிறது என்றால், அது சமவெளியில் பார்த்துப் பழகிய வீட்டு மைனா அல்ல, காட்டு மைனா. ‘காட்டு’ என்ற பெயரை நம்பி இதைச் சோலைக்காட்டுக்குள் (மலை மடிப்புகளில் உள்ள அடர்காட்டுக்குள்) தேட வேண்டாம். தேயிலைத் தோட்டம், உருளைக்கிழங்கு வயல், மாடு மேயும் புல்வெளி, சாலையோரத் தடுப்புச்சுவர் என வெளிச்சம் விழும் திறந்த இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும். கூடு வைக்க மட்டும் ஒரு பொந்து வேண்டும். தானாகப் பொந்து குடையும் அலகு இதற்குக் கிடையாது. பட்டுப்போன கிளைகளை நாம் வெட்டி எடுக்க எடுக்க, இதற்கு வீடு குறைகிறது. பெட்டி செய்து மாட்டுவதன் காரணம் அதுதான்.

பெட்டிக்கு முன் பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் மாறினால் அளவு, இடம், உயரம் எல்லாம் மாறிவிடும்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள்

இரண்டு மைனாக்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். காட்டு மைனா 23 செ.மீ. நீளம், வீட்டு மைனா ஒரு சுற்றுப் பெரிது. இரண்டுக்கும் பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், வால் நுனியும் வெள்ளை. ஆகவே பறக்கும் பறவையை வைத்து முடிவு கட்டாதீர்கள். உட்காரட்டும், முகத்தைப் பாருங்கள். வீட்டு மைனாவுக்குக் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் வெறுமையாக இருக்கும். காட்டு மைனாவுக்குக் கண்ணை ஒட்டியே இறகு மூடியிருக்கும்.

படத்தோடு ஒப்பிடுபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வட இந்தியாவில் உள்ள காட்டு மைனாவுக்குக் கருவிழிப் படலம் மஞ்சள். தென்னிந்தியாவில் உள்ளதற்கு நீலம் தோய்ந்த வெள்ளை. 1832-இல் பறவையியலாளர் சைக்ஸ் இந்தத் தென்னிந்திய வகைக்கு மராட்டென்சிஸ் என்று பெயர் வைத்தார். படத்தில் மஞ்சள் கண், முற்றத்தில் வெள்ளைக் கண் என்றால் நீங்கள் பார்த்தது தவறல்ல, படம் வடக்கத்தியது. உடல் நிறத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். நம் பக்கத்துப் பறவையின் சாம்பலில் பழுப்பு கலந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு மைனாவும் ஒன்றுபோலவே தெரியும். இளம் பறவைக்குக் குடுமி மிகச் சிறியது, தொண்டை வெளிறி இருக்கும். அதற்கும் கண்ணோரத் தோல் இல்லை என்பதே கடைசிச் சான்று. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான்.

கூடலூர் பக்கம் இறங்கினால் மலை மைனா வேறு வரும். பளபளக்கும் கரிய உடல், தலையில் மஞ்சள் தோல் மடிப்பு, உயர்ந்த மரங்களின் உச்சி என்று அது வாழும் விதமே தனி. அதைக் காட்டு மைனாவோடு குழப்ப வழியில்லை.

எங்கே பார்ப்பது

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ஆறு மணிக்கே போய் நிற்பதில் பயனில்லை. புல்லில் வெயில் ஏறிப் பூச்சி அசையத் தொடங்கும் நேரமே நல்ல நேரம். எட்டு மணிக்குப் போனால் போதும். உருளைக்கிழங்கோ கேரட்டோ தோண்டும் வயலில் கொத்துக்குப் பின்னாலேயே நடந்து வந்து, புரட்டிய மண்ணில் புழுவைப் பொறுக்கும். மாட்டின் முதுகில் ஏறி உண்ணி பிடுங்கும், கால் பட்டு எழும் தத்துக்கிளியைத் துரத்தும். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைக் கூட்டத்தோடும் இதே வேலைதான். மைனாவைப் பார்க்கும் ஆர்வத்தில் காட்டெருமையை நெருங்கிவிடக் கூடாது. ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். தப்பிக்க மேட்டுப்பக்கம் வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எருமை தலையைத் தூக்கிச் சீறினால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

பூக்கும் மரம் இன்னொரு நல்ல இடம். கல்யாண முருங்கை பூக்கும்போது மரத்தடியில் அரைமணி நேரம் உட்காருங்கள். மைனா செம்பூவுக்குள் அலகை விட்டுத் தேன் உறிஞ்சும்போது நெற்றிக் குடுமி மகரந்தக் கற்றையில் நேராக உரசும். தலையை வெளியே எடுத்தால் குடுமியில் மகரந்தப் பொடி ஒட்டியிருக்கும்; அதோடு அடுத்த பூவுக்குத் தாவும். அந்தக் குடுமி ஒரு தூரிகைபோல வேலை செய்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது. இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமலேயே இதைப் பார்க்கலாம்; ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தக் குடுமி பிறகு மறக்காது. இலவ மரத்திலும் இதே வேலை நடக்கும். உண்ணிச்செடி (லாண்டானா) என்னும் அயல் களைச்செடியின் பழத்தையும் விரும்பித் தின்னும். அதன் விதை பரவுவதில் இதற்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெட்டிக்கு மரம், அளவு, வெட்டு

தென்னிந்தியாவில் இதன் இனப்பெருக்கக் காலம் பிப்ரவரி முதல் மே வரை. ஜோடி முன்கூட்டியே பொந்து பார்த்துத் திரியும். ஆகவே பொங்கலுக்குள் பெட்டி மரத்தில் ஏறியிருக்க வேண்டும். மார்ச்சில் மாட்டினால் அந்த வருடம் வெறும் பெட்டிதான்.

மரம் சில்வர் ஓக் போதும். நீலகிரி மரக்கடைகளில் எளிதில் கிடைக்கும், எடையும் குறைவு. 2 செ.மீ. தடிமன், 20 செ.மீ. அகலம் உள்ள பலகை ஆறரை அடி வாங்கினால் கூரை தவிர எல்லாம் அதிலேயே வரும். பிளைவுட் வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் அடுக்கு பிரிந்துவிடும், பசையின் நாற்றமும் போகாது. கரையான் மருந்து ஊட்டிய மரமும் வேண்டாம். உலராத பச்சைப் பலகையில் செய்தால் வெயிலில் முறுக்கிக்கொண்டு மூட்டு திறக்கும். வாங்கிய பலகையை நிழலில் மூன்று வாரமாவது அடுக்கி வைத்துப் பிறகு வெட்டுங்கள்.

வெட்ட வேண்டியவை இவை:

- முதுகுப் பலகை: 19 × 55 செ.மீ.
- முன்பலகை: 19 × 37 செ.மீ.
- பக்கப் பலகை இரண்டு: 15 செ.மீ. அகலம், பின்விளிம்பு 42, முன்விளிம்பு 37 செ.மீ. (79 செ.மீ. நீளத் துண்டைக் குறுக்கே சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால் இரண்டும் கிடைக்கும்)
- அடிப்பலகை: 15 × 15 செ.மீ., நான்கு மூலையும் 1 செ.மீ. சீவியது
- கூரை: 25 × 25 செ.மீ., தனித் துண்டு

நுழைவாய் 6 செ.மீ. விட்டம். அதன் நடுப்புள்ளி முன்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து 26 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அப்போது ஓட்டையின் கீழ்விளிம்புக்கும் அடிப்பலகைக்கும் இடையே இருபது செ.மீ. ஆழம் கிடைக்கும். இந்த ஆழம் முக்கியம். மைனா புல், வேர், குச்சி, இறகு, காகிதம் என்று எதையும் கொண்டுவந்து திணிக்கும். கூடு உயர்ந்துகொண்டே வரும். ஆழம் குறைந்தால் முட்டை வாய்க்கு அருகே வந்துவிடும், காக்கையின் அலகு எட்டும். ஓட்டையை 6 செ.மீ.-க்கு மேல் பெரிதாக்கினாலும் இதே ஆபத்துதான்.

முன்பலகையின் உட்புறத்தில், ஓட்டைக்குக் கீழே, உளியால் அல்லது ரம்ப முனையால் விரல் இடைவெளியில் குறுக்குக் கோடுகள் கீறுங்கள். குஞ்சு வெளியே வரும் நாளில் இழைத்த வழுவழுப்பான பலகையில் கால் பிடிக்காது. பெட்டி செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். ஓட்டைக்கு வெளியே குச்சி வைக்காதீர்கள். மைனாவுக்கு அது தேவையே இல்லை, காக்கைக்கும் அணிலுக்கும்தான் அது படி.

பூட்டும்போது ஆணி அடிக்க வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். விளிம்பில் ஆணி அடித்தால் பலகை பிளக்கும். துத்தநாகம் பூசிய அல்லது பித்தளை ஸ்க்ரூ, முன்கூட்டியே சிறு துளை போட்டு இறக்குங்கள். அடிப்பலகை நான்கு பலகைகளுக்கும் உள்ளே, கீழ்விளிம்பிலிருந்து அரை செ.மீ. மேலே உட்கார வேண்டும். வெளியே வழியும் நீர் அப்போது அடிப்பலகையில் ஏறாமல் கீழே சொட்டிவிடும். சீவிய மூலைகள் உள்ளே வந்த நீருக்கு வடிகால். முன்பலகையின் மேல்விளிம்பைக் கூரையின் சரிவுக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கப் பலகை மட்டும் திறக்க வேண்டும். அதன் மேற்பகுதியில், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், ஒவ்வொரு ஸ்க்ரூ மட்டும் போட்டால் அதுவே கீல். கீழிருந்து வெளியே தூக்கலாம். அந்தப் பலகையின் மேல்விளிம்பில் அரை செ.மீ. குறைத்துவிட்டால் சுழல இடமும் கிடைக்கும், காற்றோட்டமும் ஆகும். கீழே ஒரு கொக்கி, அதன்மேல் கம்பியால் இரண்டு முறுக்கு. கம்பி இல்லாத கொக்கியைக் குரங்கு ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். கூரையையும் நாலு ஸ்க்ரூவில் இறுக்கிவிடுங்கள்.

கூரையும் முதுகுப் பலகையும் சேரும் கோடுதான் பெட்டியில் நீர் ஒழுகும் இடம். பழைய சைக்கிள் டியூபை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, அந்தக் கோட்டின்மேல் மடித்து வைத்துக் குட்டை ஆணியால் அடித்துவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்கும். வெளிப்புறம் மட்டும் லின்சீட் ஆயில் இரண்டு கை பூசி, நாற்றம் போகும்வரை காய வையுங்கள். உள்ளே எதுவும் பூசக் கூடாது, மரத்தூளும் போடக் கூடாது. தூள் ஈரத்தில் கட்டியாகிவிடும்.

மாட்டும் இடம்

இயற்கையில் இதன் பொந்து பெரும்பாலும் தரையிலிருந்து 2 முதல் 6 மீட்டருக்குள்தான் இருக்கும். பெட்டிக்கு 3 முதல் 4 மீட்டர் சரியான உயரம். ஏணியில் ஏறிப் பார்க்கவும் முடியும். தேயிலைத் தோட்டத்து ஓரம், புல்வெளியைப் பார்த்த மரம், காய்கறி வயலின் வரப்பு எல்லாம் ஏற்றவை. வீட்டுச் சுவரிலும் கடைத்தெரு ஓரத்திலும் மாட்டினால் வீட்டு மைனா முந்திக்கொள்ளும். அது இதைவிட முரட்டுப் பறவை.

சோலைக்காட்டுக்குள்ளும் அதன் விளிம்பிலும் மாட்டவே கூடாது. குக்குறுவான் என்னும் பறவை பாடுபட்டுக் குடைந்த பொந்தையும் மைனா பிடுங்கிக்கொள்ளும். குண்டுக்கரிச்சான், பட்டாணிக் குருவி போன்றவையும் பொந்தை நம்பியே வாழ்கின்றன. பீஜி, சமோவா தீவுகளில் காட்டு மைனா ஒரு வந்தேறிப் பறவை. நம் ஊரில் இது சொந்தப் பறவைதான். ஆனாலும் இது இல்லாத இடத்துக்கு நாமே கொண்டுபோய் விடக் கூடாது. ஒரு தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ பெட்டி போதும்.

வாய் கிழக்கு பார்க்கட்டும். காலை வெயில் கூட்டை உலர்த்தும், தென்மேற்குச் சாரலும் அடிக்காது. அவலாஞ்சி, கூடலூர் பக்கம் இதுவே போதும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அது கிழக்கிலிருந்தே அடிக்கும். அந்த நேரத்தில் கூடு இருக்காது. ஆனால் பலகை ஊறி வீணாகும். அக்டோபர் தொடக்கத்தில் இறக்கிக் கொட்டகையில் வைத்து, ஜனவரி முதல் வாரம் மறுபடி ஏற்றுவதே அங்கே நல்லது.

உயிர் மரத்தில் ஆணி அடிக்காமல், கம்பியை நீர்க்குழாய்த் துண்டுக்குள் நுழைத்துக் கட்டுங்கள். வருடத்துக்கு ஒரு முறை தளர்த்தாவிட்டால் மரம் பருத்துக் கம்பி பட்டைக்குள் போய்விடும். பெட்டி சற்றே முன்னால் சாய்ந்திருக்கட்டும். பின்னால் சாய்ந்தால் மழை நேராக வாய்க்குள் விழும்.

சாரைப்பாம்பு ஏறாமலிருக்க, அடிமரத்தில் ஆளுயரத்தில் 60 செ.மீ. அகலத் தகரத்தைச் சுற்றலாம். பக்கத்து மரத்துக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண். தனியாக நிற்கும் மரத்தில்தான் இது பலிக்கும். கம்பத்தில் கிரீஸ் தடவும் யோசனையை விட்டுவிடுங்கள். இறகில் ஒட்டினால் பறவை பறக்க முடியாமல் சாகும்.

திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்

மாட்டியவுடன் தினமும் ஏணி வைத்து எட்டிப் பார்ப்பவர்களின் பெட்டியில் கூடு நிலைப்பதில்லை. இருபது மீட்டர் தள்ளி, வாரம் ஒரு நாள், அதே நேரத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். எத்தனை முறை உள்ளே போனது, அலகில் என்ன இருந்தது, வெளியே வரும்போது என்ன எடுத்து வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டும் மாறி மாறிப் புல்லும் வேரும் கொண்டுபோனால் கூடு கட்டுகிறது. வரவு போக்கு திடீரென்று குறைந்து, ஒன்று வந்ததும் மற்றொன்று வெளியேறினால் அடைகாக்கிறது. ஆணும் பெண்ணும் இருவருமே அடைகாக்கும். அலகில் புழுவோடு உள்ளே போனால் குஞ்சு பொரிந்துவிட்டது. இன்னும் உறுதியான அடையாளம், வெளியே வரும் பறவையின் அலகில் இருக்கும் வெள்ளை உருண்டை. அது குஞ்சின் எச்சப்பை. மெல்லிய சவ்வுக்குள் எச்சம் பொதிந்திருக்கும். தாயோ தந்தையோ அதைக் கவ்விக்கொண்டுபோய்க் கூட்டிலிருந்து தொலைவில் போடும். கூடு சுத்தமாக இருப்பது இதனால்தான்.

முட்டை எண்ணிக்கை வேண்டுமென்றால் மட்டும், காய்ந்த நாளில், முற்பகலில், பறவை வெளியே போன பின் திறங்கள். முட்டை நீலப்பச்சை, கோடோ புள்ளியோ இல்லாதது. 4 முதல் 6 வரை இருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்து ஒரு நிமிடத்துக்குள் மூடிவிடுங்கள், பிளாஷ் வேண்டாம். குஞ்சைப் பார்த்தால் வயதைத் தோராயமாகச் சொல்லலாம்: மயிரற்ற செந்தோல், மூடிய கண் என்றால் முதல் சில நாள், இறக்கையில் முள்போல இறகுக் குருத்து நின்றால் ஒரு வாரத்தைத் தொட்டது, உடல் முழுக்க இறகு மூடினால் இரண்டு வாரம் தாண்டியது. இறகு மூடிய பிறகு எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். பயந்து முன்கூட்டியே குதித்துவிடும். ஒருமுறை குதித்ததைத் திரும்ப உள்ளே வைத்தாலும் மறுபடி குதிக்கும்.

ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி, இ-பேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். வீட்டு மைனா எத்தனை, காட்டு மைனா எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். ‘மைனா – 12’ என்று எழுதிய பட்டியலால், எந்த மைனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

வழக்கமாக எங்கே கெடுகிறது

பெட்டிக்குள் அடுக்குத்தேனீ குடியேறினால் அந்தப் பருவத்தை அதற்கே விட்டுவிடுங்கள். புகை போட்டு விரட்ட வேண்டாம். அணில் பஞ்சும் நாரும் நிரப்பினால், குட்டி இல்லை என்று பார்த்த பின்பே எடுக்கலாம்.

முட்டை இருக்கும்போதே ஜோடி கைவிட்டுப் போனால் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். கையை உள்ளே விட்டு அடிப்புல்லைத் தொட்டுப் பாருங்கள். நசநசவென்றிருந்தால் சைக்கிள் டியூப் கிழிந்திருக்கும், அல்லது பெட்டி பின்னால் சாய்ந்திருக்கும். குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், பக்கத்துக் காய்கறி வயலில் அந்த வாரம் மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். குஞ்சுக்கு ஊட்டுவது முழுக்கப் பூச்சியும் புழுவும்தான். மருந்தில் துடிக்கும் புழு மைனாவின் கண்ணில் முதலில் படும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பெட்டிக்கு வெளியே நடக்கிறது. மழைக்கு முன் தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வழக்கத்தில், ஏப்ரல் மே மாதம் கத்தி ஏறுகிறது. பொந்துக்குள் குஞ்சு இருக்கும் நேரமும் அதுவே. கழிக்கும் முன் மரத்தடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலகில் புழுவோடு மைனா போய்வரும் கிளையை மட்டும் ஜூன் முடியும்வரை விட்டுவையுங்கள். பட்டுப்போன கிளை ஆள் நடக்கும் பாதைமேல் இல்லையென்றால் அதை வெட்டவே வேண்டாம். தடுப்புச்சுவரின் நீர்வடி ஓட்டைகளுக்கும் இது பொருந்தும். பிப்ரவரிக்குப் பின் அடைப்பெடுக்கும்போது குழாயின் வாயில் புல்நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒன்றைத் தள்ளிப்போடுங்கள்.

குஞ்சு கீழே கிடந்தால் முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு இருந்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனையும் நாயும் வராத புதருக்குள் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் தேடி வந்து ஊட்டும். இறகு முளைக்காதது என்றால் கையால் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது உண்மையல்ல. பால், பிரட், சோறு எதுவும் ஊட்டக் கூடாது. பேசப் பழக்கலாம் என்று கூண்டில் வைத்துக்கொள்வதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கிறது.

கடைசிக் குஞ்சும் பறந்து இரண்டு வாரம் கழிந்த பின், மறுபடி முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு பெட்டியைக் கழற்றுங்கள். மூக்கில் துணி கட்டி, கையுறை போட்டுக் கூட்டை ஒரு சாக்கின்மேல் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். புல்லுக்கும் கோழி இறகுக்கும் நடுவே கண்ணாடித்தாள்போலச் சரசரக்கும் துண்டு வந்தால், அது பாம்புச் சட்டை. காட்டு மைனா அதைத் தேடிக் கொண்டுவந்து கூட்டில் பரப்பும் பழக்கம் உடையது. பாம்பு பெட்டிக்குள் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கூட்டை எரித்துவிட்டு, பெட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஸ்க்ரூவை இறுக்கி, டியூப் வெடித்திருந்தால் மாற்றி, முன்பலகையின் கீறல்கள் எச்சத்தில் அடைபட்டிருந்தால் உளியால் மறுபடி ஆழப்படுத்துங்கள்.